ஏழுக்கும் எட்டுக்கும் இடையில்

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லாரும் சேர்ந்து, என்சைம்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வரும்படி எனக்குச் சொல்லி அனுப்பினீர்கள். பேசுவதைவிட எழுதுவது எனக்கு எளிது. கூத்தாநல்லூர்க்காரி பேச ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவாள் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். அதனால் எழுதியே தருகிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடத்துக்கு மேல் உயிர்வேதியியல் பார்த்தவள் நான். நீங்கள் இன்று பெட்டிக்குள் வைத்துப் பொத்தானை அழுத்தி வாங்கும் முடிவுகளை நாங்கள் கண்ணாடிக் குழாயில், நிறம் மாறுவதைப் பார்த்துப் பார்த்து வாங்கினோம். அது பெருமையும் இல்லை, கஷ்டமும் இல்லை. அன்றைக்கு அப்படி. எப்படிச் செய்தோம் என்று சொல்லப் போவதில்லை. என்ன யோசித்தோம், எங்கே யோசிக்காமல் விட்டோம் என்பதைச் சொல்கிறேன்.

பாடம் நாலு வரிதான். புத்தகத்தில் நொதி என்று போட்டிருக்கும்; நாங்கள் என்சைம் என்றே சொல்லிப் பழகினோம். அது ஒரு புரதம். அதன் மடிப்பில் ஒரு குழி இருக்கும். தனக்குரிய பொருள் வந்து அந்தக் குழியில் உட்காரும். உடையும், அல்லது சேரும், அல்லது உரு மாறும். பிறகு வெளியே போய்விடும். என்சைம் மட்டும் தேயாமல் அடுத்ததற்குத் தயாராக நிற்கும். என்சைம் இல்லாவிட்டால் வருடக்கணக்கில் ஆகிற காரியம் இதனால் கண் சிமிட்டும் நேரத்தில் முடிகிறது. அதிகச் சூடு பட்டால் மடிப்பு கலைந்து வேலை நின்றுபோகும். வேண்டாத பொருள் ஒன்று குழிக்குள் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தாலும் வேலை நின்றுபோகும்.

கண்டுபிடித்தவர்கள் ஆளாளுக்குப் பெயர் வைத்த காலம் ஒன்று இருந்தது. ஒரே என்சைமுக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு மூன்று என்சைம் இருக்கும். பிறகு உட்கார்ந்து ஒழுங்கு செய்தார்கள். எந்த மிருகத்தில் கிடைத்தது, யார் கண்டது என்பதையெல்லாம் தள்ளிவிட்டு, என்ன வேலை செய்கிறது என்ற ஒன்றை மட்டும் கேட்டார்கள். எலக்ட்ரானை வாங்கிக் கொடுப்பவை முதல் வகுப்பு. ஒன்றிலிருந்து ஒரு துண்டை எடுத்து இன்னொன்றில் வைப்பவை இரண்டாவது. தண்ணீரைச் சேர்த்து உடைப்பவை மூன்றாவது. தண்ணீர் இல்லாமல் பிரிப்பவை நான்காவது. இருப்பதையே இடம் மாற்றி அடுக்குபவை ஐந்தாவது. ஆற்றலைச் செலவழித்து இரண்டை ஒட்டுபவை ஆறாவது. நான் படித்தபோது அவ்வளவுதான். சவ்வைத் தாண்டிப் பொருளைக் கடத்துபவற்றுக்கு இப்போது ஏழாவதாக ஒரு வகுப்பு சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு என்சைமுக்கும் புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள் உண்டு. முதல் எண் வகுப்பைச் சொல்லும். கடைசி எண் அந்த ஒரு என்சைமுக்கு மட்டும் உரியது. தேர்வுக்காக நீங்கள் முதல் எண்ணை மனப்பாடம் செய்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். கடைசி எண் எவ்வளவு முக்கியம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வக்கீல்.

அதற்கு முன்னால் என்னுடைய முதல் தப்பு. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் ஊர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் நெஞ்சுவலி என்று வந்து சேர்ந்தார். என் அத்தாவுக்குத் தெரிந்தவர். மாரடைப்பா என்று பார்க்க அன்றைக்கு எங்களிடம் இருந்ததே ரத்தத்தில் கலந்த சில என்சைம்களின் அளவுதான். இதயத் தசை சிதைந்தால் அதற்குள் இருந்தவை ரத்தத்தில் கசியும். நான் பார்த்தபோது அளவு மிக அதிகமாக இருந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவரைக் கட்டிலில் அசையாமல் படுக்கவைத்தார்கள். சிங்கப்பூரில் இருந்த மகன்களுக்குத் தந்தி போனது. மூன்றாம் நாள் மறுபடி பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. என்ன நடந்ததென்றால், முதல் நாள் வந்த சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளிகிற மஞ்சள் நீர், இளஞ்சிவப்பாக இருந்தது. ரத்தம் எடுத்தபோதே சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருந்த என்சைம் வெளியே கொட்டியிருந்தது. அந்த நிறம் என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. அவருக்கு வந்தது வாயுவலி. பிறகு பல வருடங்களுக்கு, நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, "இந்தப் புள்ளதான் என்னைய அனுப்பி வைக்கப் பாத்துச்சு" என்று வாடிக்கையாளர்களிடம் அறிமுகம் செய்வார். நானும் சிரித்துக்கொண்டே அவர் கொடுக்கும் சர்பத்தைக் குடிப்பேன்.

இனி பெரிய விஷயம்.

அது நான் சேர்ந்து ஐந்தாவது வருடம், புரட்டாசி மாதம். சம்பா நட்டு முடித்துக் களை எடுக்கிற பருவம். ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கூலிக்குச் சட்டம் வந்திருந்தது, ஆனால் வயலுக்கு வயல் அது ஒவ்வொரு மாதிரி நடந்தது. எந்த ஊர்ப் பக்கம் போனாலும் கூலித் தகராறு, செங்கொடி, போலீஸ் வேன். கிழக்கே ஓர் ஊரில் கூலி கேட்டவர்களின் குடும்பங்களைக் குடிசைக்குள் வைத்து எரித்த கொடுமையை அப்போது யாரும் மறந்திருக்கவில்லை. சின்னத் தகராறு என்றாலும் இரண்டு பக்கமும் பயந்துகொண்டே இருந்தார்கள்.

பாபநாசத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் உள்ளூர் ஆட்கள் கூலி கேட்டு வேலையை நிறுத்திவிட்டார்கள். மிராசுதார் மாயவரம் பக்கத்திலிருந்து ஒன்பது பெண்களைக் களை எடுக்கக் கூட்டிவந்தார். காலையில் வயலில் இறங்கியவர்கள் மதியத்துக்குள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்தார்கள். டிராக்டர் டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி, ஒன்பது பேரையும் அதில் போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, தசைகள் தன்னால் துடிக்கின்றன. அவர்களில் முப்பது வயதுக்காரியான தனபாக்கியம் என்ற பெண்ணுக்கு மூச்சே தடுமாறிக்கொண்டிருந்தது.

கூடவே ஒரு குடமும் வந்தது. வயல் வரப்பில் வைத்திருந்த குடிதண்ணீர்க் குடம். வேலைநிறுத்தம் செய்தவர்கள் அதில் அரளிக்கொட்டையை அரைத்துக் கலந்துவிட்டார்கள் என்று மிராசுதாருக்கு வயல் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் புகார் எழுதிக் கொடுத்திருந்தார். மாலைக்குள் சங்கச் செயலாளர் கோவிந்தராசுவையும் இன்னும் இரண்டு பேரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஒன்பது பேரில் ஒருத்தி இறந்தாலும் கொலை வழக்கு. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு கூட்டம் எதிரும் புதிருமாக நின்றது.

மருத்துவப் பிரிவின் பெரிய டாக்டர் ஆய்வுக்கூடத்துக்கு நேரில் வந்தார். பெயர் எழுதினால் இந்த வயதிலும் கோபித்துக்கொள்வார். பெரிய டாக்டர் என்றே இருக்கட்டும். பெண்களின் கண்மணி எல்லாம் குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, அரளி இப்படிச் செய்யாது, பூச்சிமருந்துதான் என்று நினைக்கிறேன் என்றார். பிறகு சொன்னார்:

"உன் முடிவு வர்ற வரைக்கும் நான் காத்திருக்க மாட்டேன், மெகர். முறிமருந்தா அட்ரோபின் போட ஆரம்பிச்சுட்டேன். அவங்கள பொழைக்க வைக்கறது என் வேலை. எதனால வந்துச்சுன்னு சொல்றது உன் வேலை. அவசரப்படாம செய்."

நான் அவசரப்பட்டேன்.

இந்த வகைப் பூச்சிமருந்துகள் தாக்குவது ஓர் என்சைமைத்தான். நரம்பு தசைக்கு ஒரு பொருள் வழியாகச் சேதி அனுப்புகிறது. சேதி போய்ச் சேர்ந்ததும் அந்தப் பொருளைத் தண்ணீர் சேர்த்து உடைத்துத் தீர்ப்பது கோலினெஸ்டரேஸ். மருந்து அதன் குழிக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. சேதி தீராமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் நுரை, வியர்வை, துடிப்பு எல்லாம்.

ஒன்பது பேரின் சீரத்தையும் சோதித்தேன். என்சைம் வேலை செய்தால் அமிலம் உண்டாகிக் குழாயின் நீல நிறம் மஞ்சளாகும். ஒப்பிட என் ரத்தத்தையும் எடுத்து அதே வரிசையில் வைத்தேன். என்னுடையது மஞ்சளானது. அவர்களுடைய ஒன்பது குழாயும் நீலமாகவே நின்றன. பிறகு குடத்துத் தண்ணீரை என் சீரத்தோடு கலந்து பார்த்தேன்; அது என்சைமை அடைக்கவில்லை. பெண்களின் சேலை ஓரத்தை நனைத்துப் பிழிந்த தண்ணீரைக் கலந்தேன், அடைத்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. குடத்தில் இல்லை, சேலையில் இருக்கிறது; அப்படியானால் வயலிலிருந்துதான் வந்திருக்கிறது. கோலினெஸ்டரேஸ் மிகக் குறைவு என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்று பேரை நான் வெளியே கொண்டுவந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நான்காம் நாள் வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ.வின் விசாரணை. ஒன்பது பேரும் பிழைத்துவிட்டார்கள் என்பதால் ஓரளவு நிம்மதியாகவே போனேன். மிராசுதார் தரப்பில் ஒரு வக்கீல் வந்திருந்தார். அதட்டுகிற வக்கீலாக இருந்தால் சமாளித்திருப்பேன். இவர் மென்மையாகப் பேசினார். என் பாடப்புத்தகத்தை எங்கிருந்தோ வாங்கிப் படித்துவிட்டு வந்திருந்தார்.

பெரிய டாக்டர் கண்மணி சுருங்கியதைச் சொன்னார். அது பார்த்தவரின் அபிப்பிராயம், அளந்ததைப் பற்றிப் பேசலாம் என்று வக்கீல் என் பக்கம் திரும்பினார். குடத்தில் அரளி இருந்தால் என் சோதனையில் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, அரளி இந்த என்சைமை அடைக்காது என்றேன். சேலையில் மருந்து இருந்தால் உடம்புக்குள்ளும் போயிருக்கிறது என்று அர்த்தமா என்றார். அது மட்டும் போதாது, அதற்குத்தான் ரத்தம் பார்த்தேன் என்றேன். அப்போது புத்தகத்தைத் திறந்தார்.

"ஒரே ஒரு சந்தேகம்மா. வயித்துக்குச் சரியான சாப்பாடு இல்லாதவங்களுக்கும், கல்லீரல் கெட்டவங்களுக்கும் இது கொறச்சலாத்தான் இருக்கும்னு இங்க போட்டிருக்கு. இந்தப் பொம்பளைங்க எதைச் சாப்பிட்டு வளந்தவங்கன்னு நான் சொல்லணுமா?"

அவர் கேட்டது சரி. கோலினெஸ்டரேஸ் என்ற பெயரில் நம் உடம்பில் இரண்டு என்சைம்கள் இருக்கின்றன. இரண்டும் மூன்றாவது வகுப்பு. இரண்டுமே மூன்று, ஒன்று, ஒன்று என்று கூடவே வந்து, கடைசி எண்ணில்தான் பிரிகின்றன. எட்டு என்று முடிவது கல்லீரல் செய்து சீரத்தில் விடுவது. பட்டினியிலும் நோயிலும் அது இறங்கும். ஏழு என்று முடிவதுதான் நரம்பில் வேலை பார்ப்பது. அதே ஏழு சிவப்பணுக்களின் மேலும் இருக்கிறது. பசியால் அவ்வளவு சுலபமாக இறங்காது. நான் அளந்தது எட்டு. எழுதியதோ வெறும் கோலினெஸ்டரேஸ். எது என்று நான் எழுதவும் இல்லை, அந்த நேரத்தில் யோசிக்கவும் இல்லை. அதை ஆர்.டி.ஓ.விடம் அப்படியே ஒப்புக்கொண்டேன். சிவப்பணுக்களில் பார்க்க இரண்டு நாள் வேண்டும் என்றேன். கொடுத்தார். ஆனால் அதுவரை மூன்று பேரும் உள்ளேயே இருக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

ஜீப்பில் திரும்பும்போது பெரிய டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில், "அவர் கேட்டது நாம கேட்டிருக்க வேண்டிய கேள்வி" என்று மட்டும் சொன்னார். பிறகு, உன் ரத்தத்தோடு ஒப்பிட்டாயே, நீ மூன்று வேளை சாப்பிடுகிறவள், அது என்ன ஒப்பீடு என்று கேட்டார். அதுவும் எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஒன்பது பேரின் சிவப்பணுக்களைப் பார்க்க இன்னும் நேரம் இருந்தது. சிவப்பணுவால் புது என்சைம் செய்துகொள்ள முடியாது. பழைய அணுக்கள் போய்ப் புதியவை வரும்வரை குறைவு அப்படியே நிற்கும். ஒப்பிடத்தான் ஆட்கள் வேண்டும். அவர்களைப் போலவே உழைத்து, அவர்களைப் போலவே அரை வயிறு சாப்பிட்டு, அந்த வயலில் இறங்காத ஒன்பது பெண்கள். அப்படிப்பட்டவர்கள் இருந்தது அதே கிராமத்தில். வேலைநிறுத்தம் செய்தவர்களின் வீட்டுப் பெண்கள்.

மறுநாள் காலை ஒரு நர்சையும், சாட்சிக்கு ஆர்.டி.ஓ. அனுப்பிய வருவாய் ஆய்வாளரையும் கூட்டிக்கொண்டு, ஐஸ் பெட்டியோடு அந்தத் தெருவுக்குப் போனேன். ஜீப்பைப் பார்த்ததும் கதவுகள் சாத்திக்கொண்டன. கோவிந்தராசுவின் மனைவி சிவகாமி மட்டும் வெளியே வந்து நின்றாள். புருஷனைப் பிடித்துக்கொண்டு போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. வந்த காரியத்தைச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"எங்க வயித்துல அடிக்க வந்தவங்க அவங்க. உள்ள இருக்கறது எங்க வீட்டு ஆம்பளைங்க. இப்ப ரத்தத்துக்கு மட்டும் எங்ககிட்ட வர்றீங்களா?"

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். சிவகாமி கேட்டதில் தப்பில்லை. அங்கே கிடந்த உரலின் மேல் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த வகையில் விளக்கினேன். கையை நீட்டச் சொல்லி நரம்பு ஒரு சேதி அனுப்புகிறது. நீட்டியதும் அந்தச் சேதியைத் தீர்க்க உடம்பில் ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டால் நீட்டிய கை துடித்துக்கொண்டே இருக்கும், மூச்சு விடுகிற தசையும் கடைசியில் ஓய்ந்துவிடும் என்றேன். பூச்சிக்கும் உடம்பில் இதே ஏற்பாடுதான், மருந்து அதைத்தான் அடைக்கிறது என்றேன். அதற்குள் சில கதவுகள் திறந்திருந்தன.

"பூச்சிக்கும் எங்களுக்கும் ஒன்னுதானாம்மா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"எனக்கும் அதேதான். மிராசுதாருக்கும் அதேதான்" என்றேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிவகாமி சிரிக்கவில்லை.

அவளிடம் ஒன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ரத்தமும் அந்த ஒன்பது பேரின் ரத்தமும் ஒரே மாதிரி இருந்தால் வக்கீல் சொன்னதுதான் நிற்கும், அப்படி வந்தாலும் நான் மாற்றி எழுத மாட்டேன் என்றேன். வருவாய் ஆய்வாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இதைச் சொன்னால் யார் கை நீட்டுவார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் பயந்தேன்.

சிவகாமி தாழ்வாரத்தில் உட்கார்ந்து, வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள்.

"எப்படி வருதோ அப்படியே எழுதுங்க. அவரு செய்யலன்னு எனக்குத் தெரியும்."

அவளுக்குப் பிறகு எட்டுப் பேர் வந்தார்கள். எடுத்து முடித்ததும், மாயவரத்துக்காரிகள் எப்படி இருக்கிறார்கள் என்று அவளே கேட்டாள். தனபாக்கியம் நேற்றுதான் கஞ்சி குடித்தாள் என்றேன். தலையாட்டினாள், அவ்வளவுதான்.

அன்று முழுக்க ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தேன். முதலில் சிவகாமி ஊர்ப் பெண்களின் சீரம். ஒன்பதில் நான்கு குறைவு. வக்கீல் சொன்னது உண்மை என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். மாயவரத்துப் பெண்கள் அளவுக்குக் குறைவில்லை. ஆனால் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவு. யாரும் விஷம் வைக்காமல், பசியால் மட்டும் வந்த குறைவு அது. பிறகு சிவப்பணுக்களைக் கழுவி எடுத்து ஏழாம் எண்ணைப் பார்த்தேன். உள்ளூர்ப் பெண்கள் ஒன்பது பேருக்கும் என்னுடையதைப் போலவே சரியாக இருந்தது. மாயவரத்துப் பெண்கள் ஒன்பது பேருக்கும் அடிமட்டத்தில் கிடந்தது. நம்பாமல் மறுபடி செய்தேன். அதேதான் வந்தது.

இளம் தோழர்களே, அறிக்கை எழுத உட்கார்ந்தபோது எனக்கு வந்த ஆசையை உங்களிடம் ஒளிக்கப் போவதில்லை. சிவப்பணு முடிவை மட்டும் எழுதினால் போதும். அந்த நான்கு பேரின் சீரம் குறைவாக இருந்ததை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, யாரும் கேட்கவில்லை. எழுதினால் வக்கீலுக்கு அது ஒரு பிடி. உள்ளே இருக்கும் மூன்று பேர் குற்றமற்றவர்கள் என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரியும். அப்புறம் எதற்கு? பேனாவை மூடி வைத்துவிட்டு வார்டுப் பக்கம் நடந்தேன். தனபாக்கியம் எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரிக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் விரல்களில் நடுக்கம் இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எப்படி வருதோ அப்படியே எழுதச் சொல்லித்தானே சிவகாமி கையை நீட்டினாள் என்ற நினைப்பு வந்தது. திரும்பி வந்து எல்லாவற்றையும் எழுதினேன். ஏழு எவ்வளவு, எட்டு எவ்வளவு, யாருக்கு எது குறைவு, எது எதனால் குறையலாம் என்று ஒன்றும் விடாமல் எழுதினேன்.

மறுபடி நடந்த விசாரணையில் வக்கீல் அதை முழுக்கப் படித்தார். நான்கு பேரின் சீரக் குறைவு இருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, இதை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். இருந்தது, எழுதினேன் என்றேன். நீங்கள் சொன்னது இந்த நான்கு பேர் விஷயத்தில் சரி என்றும் சொன்னேன். அவர் அடுத்த பக்கத்துக்குப் போனார். ஏழாம் எண் இருந்த பட்டியலை இரண்டு முறை பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு வேற கேள்வி இல்லைங்க" என்றார் ஆர்.டி.ஓ.விடம்.

சாதகமானதை மட்டும் எழுதியிருந்தால் அவர் அந்தப் பட்டியலை அவ்வளவு சுலபமாக நம்பியிருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். முன்னால் செய்த சேலை, குடம் சோதனைகளுக்கும் இப்போது அர்த்தம் வந்தது. ரத்தத்தில் இருப்பது பூச்சிமருந்தின் வேலை, குடத்துத் தண்ணீரில் அது இல்லை, சேலையில் இருக்கிறது. ஆர்.டி.ஓ. காரியக்காரரைக் கூப்பிட்டு, அந்த வயலுக்கு எப்போது மருந்தடித்தீர்கள் என்று கேட்டார். அன்று விடியற்காலைதான் அந்த வயலுக்கு மருந்தடித்து முடித்ததையும், வேலை தடைப்படக் கூடாதென்று காய்வதற்குள் பெண்களை இறக்கியதையும், அவர்கள் விழுந்ததும் பயந்துபோய் அரளிக் கதையைக் கட்டியதையும் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மிராசுதாருக்கு அதுவரை இது தெரியாது என்பதை அவர் முகத்திலேயே பார்த்தேன். அன்று மாலை அவர் வார்டு வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனார்.

மறுநாள் மூன்று பேரும் வெளியே வந்தார்கள். மருந்தடித்த வயலில் குச்சி நட்டுச் சிவப்புத்துணி கட்ட வேண்டும், குறிப்பிட்ட நாள்வரை ஆள் இறக்கக் கூடாது என்று அந்த வட்டாரம் முழுக்க ஆர்.டி.ஓ. உத்தரவு போட்டார். எல்லாரும் கேட்டார்களா என்றால் இல்லை. சிலர் கேட்டார்கள்.

இதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் பட்டியல் போடப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்களை எதிர்த்துக் கேள்வி கேட்பவர் உங்களைவிடக் கவனமாகப் படித்திருக்கக்கூடும். அவர் எதற்காகக் கேட்கிறார் என்று பார்க்காதீர்கள், என்ன கேட்கிறார் என்று பாருங்கள். அந்த வக்கீல் கேட்டிருக்காவிட்டால் என் முதல் அறிக்கை மேல்விசாரணையில் எங்காவது விழுந்திருக்கும். அப்போது மறுபடி பார்த்துச் சரிசெய்ய, மருந்து பட்ட அந்தச் சிவப்பணுக்களும் மிச்சம் இருந்திருக்காது.

வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர் ஒன்பது பேரிடமும் மாதம் ஒருமுறை வந்து ரத்தம் கொடுக்கச் சொன்னார். அளவு ஏறும்வரை மருந்தடித்த பக்கமே போகக் கூடாது என்றார். தனபாக்கியம் தவறாமல் வந்தாள். ஒவ்வொரு மாதமும் ஏழாம் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. புது அணுக்கள் வர வர ஏறுகிறது என்று சொன்னேன். வயிறு நிரம்பினால் சீக்கிரம் வருமா என்று கேட்டாள். அது எனக்குத் தெரியாது, ஆனால் வயிறு நிரம்புவது எதற்கும் நல்லது என்றேன்.

தை பிறந்து இரண்டாவது வாரம் அவள் வந்தபோது கூட ஒரு பெண் வந்தாள். நிமிர்ந்து பார்த்தால் சிவகாமி. நான் ஆச்சரியப்பட்டதை இருவரும் கவனித்தார்கள். ரத்தம் எடுத்தேன். உட்காரச் சொல்லிவிட்டு அன்றைக்கே பார்த்தேன். அளவு சரியாக, என்னுடையதற்குச் சமமாக இருந்தது. வெளியே வந்து, இனி வரவேண்டாம், முழுசாகச் சரியாகிவிட்டது என்றேன்.

"அப்ப நான் வயல்ல எறங்கலாமாம்மா?" என்றாள் தனபாக்கியம்.

இறங்கலாம், ஆனால் எந்த ஊருக்குப் போகப் போகிறாய், மருந்து விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்கிறார்களா என்று கேட்டேன். அவள் சிவகாமியைக் கைகாட்டினாள்.

"இவங்க ஊருக்குத்தான். சம்பா அறுப்புக்கு ஒம்பது பேரையும் வரச் சொல்லிட்டாங்க. எங்களுக்கும் உள்ளூர்க்காரங்க கூலியேதான் கொடுக்கணும்னு இவங்களே பேசிட்டாங்க."

"பின்ன?" என்றாள் சிவகாமி. "களத்துல எல்லாரும் ஒரே வேலைதான செய்யறோம்."

பாபநாசம் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று இருவரும் எழுந்து போனார்கள்.